அலுவல் போக எஞ்சிய பொழுது

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பது நம்மவர் பல காலமாக வழங்கிவரும் வசனம். உத்தியோகத்தை நாடி ஊரை விட்டு வந்த நம் போன்றோருக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், மாலை ஆறு மணிக்கு அலுவலகக் கதவு மூடிய பின் ஒரு மனிதனுக்கு எது லட்சணம் என்பதைப்பற்றி அந்த வசனம் மௌனம் சாதிக்கிறது. நாளின் எட்டு மணி நேரத்தைச் சர்க்காருக்கோ முதலாளிக்கோ கொடுத்துவிடுகிறோம். எஞ்சிய பொழுது நம்முடையது. அதை என்ன செய்கிறோம்? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்துவிட்டுப் போன ஓர் உத்தியோகஸ்தரைப் பற்றி இன்று நேயர்களுடன் பேச எண்ணுகிறேன்.

அவர் பெயர் எனக்கு அறிமுகமானது ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலின் வாயிலாகத்தான். தலைநகரில் மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் நான். சில மாதங்களுக்கு முன் மரவகைகளைப் பற்றிய அறிக்கை ஒன்று என் மேஜைக்கு வந்தது. அதில் "பீஜாசால்" என்ற ஒரு மரத்தின் பெயர் இருந்தது. வட இந்தியாவில் எல்லோரும் அறிந்த மரம். அதன் கட்டையைக் குடைந்து செய்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் அருந்தினால் நீரிழிவுக்கு நல்லது என்று இங்கே விற்பார்கள். ஆனால் அதற்குத் தமிழ்ப் பெயர் என்ன? என்னிடமிருந்த அகராதிகள் கைவிரித்தன. இறுதியில் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. இந்தியாவின் மரங்களைப் பற்றி 1858ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த நூலின் பிற்காலப் பதிப்பு. ஒவ்வொரு மரத்தின் தாவரவியல் பெயருக்கும் கீழே, இந்துஸ்தானியில் இன்னது, தமிழில் இன்னது, தெலுங்கில் இன்னது என்று வரிசையாகக் கொடுத்திருந்தது. பீஜாசால் என்பது நம் வேங்கை! குறிஞ்சி நிலத்துக் கவிஞர்கள் பாறைமேல் உதிர்ந்த அதன் பூக்களைப் புலி என்று மயங்கிய யானையைப் பாடினார்களே, வள்ளியின் தமையன்மார் வந்தபோது முருகன் மரமாகி நின்றானே, அதே வேங்கை. இத்தனை காலம் கண்ணெதிரே குவளையாக விற்பனைக்கு இருந்தும் அதை நான் அடையாளம் காணவில்லை.

அந்த நூலை எழுதியவர் காட்டிலாகா அதிகாரி அல்லர். மொழிப் பண்டிதரும் அல்லர். சென்னைப் படையின் வைத்திய இலாகாவில் நாற்பது ஆண்டுகள் ஊழியம் செய்து, அதன் தலைமைப் பதவிவரை உயர்ந்த டாக்டர் எட்வர்ட் பால்பர் அவர்கள்.

பால்பர் 1813ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்தின் மாண்ட்ரோஸ் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர். தாயார், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் புகழ்பெற்ற ஜோசப் ஹியூம் என்பவரின் சகோதரி. அந்த ஜோசப் ஹியூமின் மகன்தான் 1885ஆம் ஆண்டில் இந்தியத் தேசியக் காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம். அவரும் உத்தியோக நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் பறவைகளை ஆராய்ந்தவர் என்பது நேயர்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளில் ஒரே விதமான சுபாவம் படிந்திருந்தது போலும்.

எடின்பரோவில் வைத்தியம் பயின்ற பால்பர், 1834ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் மொரிஷியஸ் தீவைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. கரும்பு பயிரிடுவதற்காக அத்தீவின் காடுகள் அழிக்கப்பட்டு, நிலம் வறண்டுகொண்டிருந்த காலம் அது. அதே 1834ஆம் ஆண்டில்தான் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தின்பேரில் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்கள்; பிற்காலத்தில் நம் தமிழரும் பெருந்தொகையாகப் போனார்கள். மரத்தை வெட்டினால் மண்ணுக்கு என்ன நேரும் என்பதை இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் கண்ணால் கண்டார். கண்டதை மறக்கவில்லை.

சென்னைப் படையில் உதவி வைத்தியராகச் சேர்ந்த அவர், பட்டாளங்களோடு தக்காணம் முழுவதும் சுற்றினார். இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். படை வைத்தியரின் வேலை நோய்க்கு மருந்து தருவதோடு முடிவதன்று. எத்தனை பேர் நோயுற்றார்கள், எந்த நோய், எத்தனை பேர் மாண்டார்கள் என்று மாதந்தோறும் கணக்கெழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலோர் இக்கணக்கை எழுதுவார்கள், அனுப்புவார்கள், மறந்துவிடுவார்கள். பால்பர் அதைப் படித்தார். ஒரே பட்டாளம் ஓர் ஊரில் இருக்கும்போது நலமாக இருக்கிறது. இன்னோர் ஊருக்கு மாறியதும் வரிசையாகச் சாகிறது. ஏன்? தண்ணீரா, காற்றா, நிலத்தின் தாழ்வா? இக்கேள்விகளோடு பழைய கணக்குகளைப் புரட்டி, படைகளுக்கு ஆரோக்கியமான இடங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி 1845ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1849ஆம் ஆண்டில் காலரா நோயைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் தொகுத்தார்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு ஒரே ஓர் எண்ணைச் சொல்கிறேன். 1863ஆம் ஆண்டில் ஒரு ராயல் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டதாக அது கணக்கிட்டது. பீரங்கியாலும் வாளாலும் மாண்டவர்கள் அவர்களில் சிலரே. மற்றவர்களைக் கொன்றவை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காலராவுமே. பால்பர் தம் கணக்குகளை எழுதத் தொடங்கியது இக்கமிஷனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னதாகும்.

அலுவலகக் கணக்கேட்டிலிருந்து அவர் மனம் வெளியே சென்றது. ஊரின் ஆரோக்கியம் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் மழையைப் பொறுத்தது. மழைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? மொரிஷியஸில் கண்ட காட்சி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மரங்கள் மழையை வருவிப்பதிலும் நிலத்தின் ஈரத்தைக் காப்பதிலும் ஆற்றும் பணியைப் பற்றி 1849ஆம் ஆண்டில் சென்னைச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். மரங்கள் எந்த அளவுக்கு மழையை வருவிக்கின்றன என்பதில் அறிஞரிடையே இன்றும் விவாதம் உண்டு. மலைச்சரிவின் மண்ணையும் ஈரத்தையும் அவை காக்கின்றன என்பதில் விவாதம் இல்லை. 1847ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணக் காடுகளின் பாதுகாவலராக நியமனம் பெற்ற அலெக்சாண்டர் கிப்ஸன், 1856ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கு அவ்வாறே நியமனம் பெற்ற ஹியூ கிளெகார்ன் ஆகிய இருவரும்கூட வைத்தியர்களே. காட்டுக்கும் வைத்தியருக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டாம். கம்பெனியின் ஊழியர்களில் இயற்கை நூல்களை முறையாகப் பயின்றவர்கள் அன்று பெரும்பாலும் வைத்தியர்களாகவே இருந்தார்கள்.

1850ஆம் ஆண்டில் பால்பர் சேப்பாக்கத்தில் கர்நாடக நவாபின் சபைக்குச் சர்க்காரின் பிரதிநிதியாக இருந்தார். அலுவல், உபகாரச் சம்பளம் பட்டுவாடா செய்வது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் முகம்மதியப் பொது நூலகம் ஒன்று தோன்றுவதற்கு அவர் காரணமானார். பாரசீக, இந்துஸ்தானிக் கவிதைகளைத் திரட்டிக் கல்லச்சில் வெளியிட்டார். இவை ஒன்றும் அவருடைய உத்தியோக உத்தரவில் எழுதியிருந்தவை அல்ல.

அடுத்து வந்தது, சென்னைக்குப் போகும் நம் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கண்டிருக்கக்கூடிய காரியம். சென்னையில் பொருட்காட்சிசாலை ஒன்று வேண்டும் என்று 1846ஆம் ஆண்டிலேயே சென்னை இலக்கியச் சங்கத்தார் கோரியிருந்தார்கள். 1851ஆம் ஆண்டில் அது நிறுவப்பெற்றபோது முதல் பொறுப்பாளராக அமர்ந்தவர் பால்பர். முதலில் அது நுங்கம்பாக்கத்தில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தில் இருந்தது. கல்வகைகளும் சங்குகளும் பாடம் செய்த பிராணிகளும் மாகாணமெங்குமிருந்து வந்து குவிந்தன. இடம் போதாமல் 1854ஆம் ஆண்டு இறுதியில் எழும்பூரில் பாந்தியன் மாளிகைக்கு மாறியது. இன்றும் அங்கேயே இருக்கிறது. பாந்தியன் சாலை என்ற பெயரும் நிற்கிறது.

பட்டாளத்தில் இறந்தவர்களை எண்ணிய அதே கை, இங்கே காட்சிசாலைக்கு வந்தவர்களை எண்ணியது. மாதந்தோறும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவர் குறித்து வைத்தார். எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. கல்லையும் எலும்பையும் பார்க்க வருவோரைவிட, அங்கே கூண்டில் வைத்திருந்த உயிருள்ள புலிக்குட்டியைப் பார்க்க வருவோரே அதிகம். "பாமர ஜனங்களின் ரசனை இவ்வளவுதான்" என்று முகம் சுளித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஜனங்கள் உயிருள்ளதை விரும்பினால் உயிருள்ளதைக் காட்டுவோம் என்று எண்ணினார். நவாபிடம் சொல்லி அவரிடமிருந்த மிருகங்களைப் பெற்றார். 1855ஆம் ஆண்டில் காட்சிசாலை வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை பிறந்தது. 1863ஆம் ஆண்டில் அது சென்டிரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. தில்லி ரயிலில் வந்து இறங்கும் நம் பெற்றோர், சாமான்களோடு எங்களைப் போன்ற பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்துக்கு வெகு அருகில் அது நூறாண்டுக்கு மேல் இருந்தது. 1985ஆம் ஆண்டில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

சென்னை மக்கள் இவ்விரண்டு ஸ்தாபனங்களுக்கும் தாமாகவே பெயர் வைத்துவிட்டார்கள். எழும்பூரில் இருப்பது "செத்த காலேஜ்". மிருகங்கள் இருப்பது "உயிர் காலேஜ்". காட்சிசாலை தொடக்கத்தில் கல்லூரிக் கட்டிடத்தில் இருந்ததால் இப்பெயர் வந்தது என்பர். என் பாட்டி கடைசிவரை இவ்வாறே சொல்லுவாள். இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தச் சர்க்கார் மொழிபெயர்ப்பாளனாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று நான் நினைப்பதுண்டு. பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைக்காத ஜனங்களும் கட்டணமும் பரீட்சையும் இன்றிப் போய்ப் படிக்கக்கூடிய கலாசாலை என்னும் கருத்து அந்தப் பெயருக்குள்ளே இருக்கிறது. பால்பர் விரும்பியதும் அதுவே.

இதற்கிடையில் அவர் ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்துக்கொண்டிருந்தார். இந்தியா, கிழக்கு ஆசியா, தெற்கு ஆசியா ஆகிய நாடுகளின் மரஞ்செடிகள், பிராணிகள், வாணிபப் பொருள்கள், ஜாதிகள், ஊர்கள், வழக்கங்கள் அனைத்தையும் அகர வரிசையில் அடக்கிய அந்நூல் முதன்முதலாக 1857ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்தது. மூன்றாம் பதிப்பு 1885ஆம் ஆண்டில் லண்டனில் மூன்று பெருந்தொகுதிகளாக வந்தபோது ஆசிரியருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நம் மொழியில் இதற்கு ஒப்பான உழைப்பு எது என்று கேட்டால், பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியொருவராகத் தொகுத்து 1910ஆம் ஆண்டில் வெளிவந்த அபிதான சிந்தாமணியைச் சொல்லலாம். பிற்காலத்தில் பெ. தூரன் அவர்களைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு 1954ஆம் ஆண்டு முதல் பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தபோது அறிஞர் பலர் கூடி உழைத்தனர். முன்னோர் இருவருக்கும் அந்தக் கூட்டுறவு வாய்க்கவில்லை. ஒருவருக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கிடைத்த நேரம். மற்றவருக்கு ஆஸ்பத்திரிச் சுற்று முடிந்த பிறகு கிடைத்த நேரம்.

1862ஆம் ஆண்டு முதல் ஆஸ்பத்திரிகளின் உதவித் தலைமை அதிகாரியாகப் பர்மா, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள், அந்தமான், மைசூர் என்று அவரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இடமாற்றல் உத்தரவு என்றால் என்ன என்பதை நம் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்கள் இடமாற்றலை ஒரு சாக்காகக் கொண்டு எதையும் செய்யாமல் இருந்துவிடுவது உண்டு. இவரோ போன இடத்தில் ஒன்றை விட்டுவைத்து வந்தார். பெங்களூரில் 1865ஆம் ஆண்டில் தோன்றிய சர்க்கார் காட்சிசாலைக்கு வித்திட்டவரும் இவரே.

1871ஆம் ஆண்டில் பால்பர் சென்னை வைத்திய இலாகாவின் தலைமை அதிகாரியாக, சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். உயர் பதவி வந்ததும் அதன் மெத்தையில் சாய்ந்துகொள்வது மனித இயல்பு. ஆனால் அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய காரியம் அதன் பிறகுதான் நடந்தது. அதை அவர் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. அலுவல் மேஜையில் அமர்ந்து, ஒரு கடிதமாக எழுதினார்.

கோஷா முறையும் ஜாதிக் கட்டுப்பாடும் காரணமாக நம் பெண்கள் ஆண் வைத்தியரை வீட்டுக்கு அழைக்கவும் முடியவில்லை. பொது ஆஸ்பத்திரிக்குப் போகவும் முடியவில்லை. பிரசவ வேதனையில் கிடந்தாலும் இதே நிலை. ஆகவே பெண்களுக்கு வைத்தியக் கல்வி அளிக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சர்க்காருக்கு எழுதினார். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அவர் படித்த அதே எடின்பரோவில், 1870ஆம் ஆண்டில் வைத்தியம் பயில வந்த பெண்களைத் தேர்வு மண்டப வாயிலில் மாணவர் கூட்டம் மறித்துச் சேற்றை வாரி இறைத்தது. 1873ஆம் ஆண்டில் அவர்களுக்குப் பட்டம் கிடையாது என்று முடிவாகிவிட்டது. லண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டமளிக்க முன்வந்தது 1878ஆம் ஆண்டில்தான். சென்னை வைத்தியக் கல்லூரியோ 1875ஆம் ஆண்டிலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

அந்நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் வக்கீலாக இருந்த ஒருவரின் மனைவி, குழந்தைகளின் தாய். சென்னையில் படித்துத் தேறி, பின் லண்டனில் பட்டம் பெற்று, 1883ஆம் ஆண்டில் திரும்பி வந்தார். அவருடைய முயற்சியால் 1885ஆம் ஆண்டில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. இன்று அதற்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயர். ஆயினும் திருவல்லிக்கேணிவாசிகள் "கோஷா ஆஸ்பத்திரி" என்றே சொல்லுவார்கள். நம் நேயர்களில் எத்தனை பேருடைய தாய்மார் அங்கே பிறந்தார்களோ! பின்னர் 1912ஆம் ஆண்டில் அதே வைத்தியக் கல்லூரியிலிருந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்று வெளியே வந்தார். அதன் பின் நிகழ்ந்தவை நாம் அறிந்த சரித்திரம்.

என் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். மருத்துவச்சிகள் படித்துப் பயனடைய வேண்டும் என்று, பிரசவ வைத்தியம் பற்றிய ஓர் ஆங்கில நூலைப் பால்பர் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதே நூலைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பிறரைக்கொண்டு மொழிபெயர்ப்பித்துத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தும் நூல்கள் வெளியிட்டும் வந்தார் என்பதை இங்கே சேர்த்து நினைக்கலாம். சென்னை நூலைத் தமிழாக்கியவர் இன்னார் என்று நான் பார்த்த வரலாறுகளில் இல்லை. பெயரில்லாத மொழிபெயர்ப்பாளர்களின் குலத்தில் வந்தவன் என்ற முறையில் அவருக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

இத்தனையும் சொன்னபின் மறுபக்கத்தையும் பார்ப்பதே நியாயம். பால்பர் நம்மை ஆண்ட அன்னியரின் ஊழியர். சிப்பாய்களின் ஆரோக்கியத்தை அவர் ஆராய்ந்தது, முதலாவதாக, கம்பெனியின் படை தளராமல் இருப்பதற்காகத்தான். மரங்களின் பட்டியல், மரங்களைக் காக்க விரும்பியவருக்குப் பயன்பட்டது போலவே வெட்ட விரும்பியவருக்கும் பயன்பட்டது. நாடோடிக் குலங்களைப் பற்றி அவர் எழுதியவற்றில், மேலிருந்து கீழே நோக்கும் பார்வை இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைக்கு வந்து சேர்ந்த அமராவதிச் சிற்பங்களில் 121 கற்கள் 1859ஆம் ஆண்டில் லண்டனுக்குப் போய்விட்டன. இன்றும் அவற்றைக் காண நாம் கடல் கடக்க வேண்டும். அவர் 1876ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுக் கப்பலேறிய அதே ஆண்டில் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் பிடித்துக்கொண்டது. பஞ்சத்துக்கும் மரங்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி 1878ஆம் ஆண்டில் மறுபடியும் எழுதினார். ஆனால் எழுதிய எழுத்து, மாண்ட லட்சக்கணக்கானோரை எழுப்பவில்லை.

ஆயினும் விடைபெற்றபோது இந்துக்களும் முகம்மதியரும் ஐரோப்பியரும் கூடி அவருக்கு உபசாரப் பத்திரம் அளித்தார்கள். அவருடைய உருவப்படம் காட்சிசாலையில் வைக்கப்பெற்றது. 1889ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆம் தேதி லண்டனில் காலமானார். 1891ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையில் அவர் பெயரால் ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்தினார்கள். காட்சிசாலைக்காகவோ கலைக்களஞ்சியத்துக்காகவோ அன்று; வைத்தியம் பயிலும் பெண்களை ஊக்குவிப்பதற்காக.

நேயர்களே, இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு வேங்கை மரம் மட்டும் காரணமன்று. என் தந்தையார் தலைநகரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பிடித்து எங்களைப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்வார். ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று, தோட்டக்காரரிடம் இந்திப் பெயரைக் கேட்பார். வீட்டுக்கு வந்ததும், ஒருபுறம் அச்சிட்டு வீணான காகிதங்களைத் தைத்துத் தாமே செய்த நோட்டுப் புத்தகத்தில், இந்திப் பெயருக்கு எதிரே தமிழ்ப் பெயரை எழுதுவார். தெரியாவிட்டால் ஊருக்குக் கடிதம் போட்டுப் பெரியப்பாவைக் கேட்பார். பதில் வர மூன்று வாரம் ஆகும். அதுவரை அந்த இடம் காலியாக இருக்கும். "இதெல்லாம் எதற்கு அப்பா?" என்று நான் கேட்டதற்கு, "இந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர் காலமான பின் சர்க்கார் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நாள் குறைவு, சாமான் அதிகம். பழைய செய்தித்தாள்களோடு அந்த நோட்டுப் புத்தகங்கள் ஐந்தையும் கபாடிக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்தவன் நானே. எவரும் என்னை வற்புறுத்தவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் பீஜாசாலுக்குத் தமிழ் என்ன என்று நூலகத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, இந்தப் பெயர் என் வீட்டு அலமாரியில் என் தந்தையின் கையெழுத்தில் இருந்திருக்குமே என்ற எண்ணம் வந்தது. அன்றைக்கு அந்த மொழிபெயர்ப்பை முடிக்க வெகு நேரமாயிற்று.

பால்பருக்கும் என் தந்தைக்கும் உள்ள வித்தியாசம் அறிவிலோ ஆர்வத்திலோ மட்டும் இல்லை. ஒருவர் ஆளும் இனத்தின் உயர் அதிகாரி. அவர் கேட்டால் நவாபும் மிருகங்களைக் கொடுத்தார், சர்க்காரும் மாளிகையைக் கொடுத்தது. மற்றவர் குமாஸ்தா, அவருக்குத் தோட்டக்காரரும் பெரியப்பாவுமே துணை. இந்த வேறுபாட்டை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. பால்பர் தாம் சேர்த்தவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. எண்ணியதை அச்சிட்டார், திரட்டியதைக் காட்சிசாலையில் வைத்தார், கற்றதைப் பிறமொழிகளில் பெயர்க்கச் செய்தார். ஆகவே அவை அவருக்குப் பின்னும் நின்றன. ஒருவனுடைய பொழுதுபோக்கு அவன் வீட்டுக் கதவைத் தாண்டும்போதுதான் பிறருக்குச் சொத்தாகிறது. தாண்டாவிட்டால், அது எவ்வளவு உயர்ந்ததாயினும், அடுத்த இடமாற்றலில் எடைக்குப் போய்விடக்கூடும்.

கதவைத் தாண்டுவதற்கு அவருக்கு ஒரு மாகாண சர்க்காரின் துணை வேண்டியிருந்தது. இன்று அவ்வளவு வேண்டியதில்லை. தலைநகரிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நம்மவர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நூலகங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் பிரதியைப் படமெடுத்துப் பொதுவில் வைக்கும் வசதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நம் வீடுகளில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ரயில் கால அட்டவணைகளைச் சேர்த்திருப்பார். ஒருவர் கோலங்களை வரைந்து வைத்திருப்பார். ஒருவர் முப்பது ஆண்டுகளாக மழை பெய்த நாள்களைக் குறித்திருப்பார். "இதெல்லாம் எதற்கு?" என்று நாம் கேட்டிருப்போம். இந்த வாரம் வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேளுங்கள்.

நான் ஒரு புதிய நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறேன். முதற்பக்கத்தில் முதல் வரி: பீஜாசால், வேங்கை. இரண்டாவது வரியில் ஓர் இந்திப் பெயர் இருக்கிறது. எதிரே இடம் காலியாக இருக்கிறது. ஊரில் கடிதம் போட்டுக் கேட்பதற்குப் பெரியப்பா இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் மகளை அழைத்துக்கொண்டு அந்த மரத்தடிக்கு மறுபடி ஒருமுறை போகலாம் என்றிருக்கிறேன்.